கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசினால் அணை நிற்குமா?

நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. புனல் மின் திட்டத்துக்கு அரசாங்கம் எப்படி அனுமதி கொடுக்கிறது என்பது ஒன்று. கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போய் எதிர்த்துப் பேசினால் ஏதாவது மாறுமா, இல்லை முடிவை முன்பே எடுத்துவிட்டுக் கண்துடைப்புக்கு நடத்துகிறார்களா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் பேசிய ஆயிரம் பேரும் வேண்டாம் என்று சொன்னாலும், அந்த எண்ணிக்கையை வைத்து மட்டும் திட்டத்தை நிராகரிக்கச் சட்டத்தில் வழியில்லை. அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. ஆனால் அந்தக் கூட்டத்தை ஒழுங்காக நடத்தவில்லை, மக்களுக்குக் காட்ட வேண்டிய அறிக்கையைக் காட்டவில்லை என்பதற்காக நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்திருக்கிறது. ஒரே திட்டம் இரண்டு முறை இப்படி மாட்டியிருக்கிறது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாகச் சாலக்குடிக்கு இறங்கும் ரோட்டில் போனவர்களுக்கு வாழச்சாலும் அதிரப்பள்ளி அருவியும் தெரிந்திருக்கும். கேரளத்தில் திருச்சூர் மாவட்டம், சாலக்குடி ஆறு. நமக்கும் இந்த ஆற்றுக்கும் உறவு உண்டு. இதன் மேல்பகுதித் தண்ணீரைத்தான் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிப் பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் கொண்டுவருகிறது. 1970-ல் போட்ட ஒப்பந்தப்படி கேரளச் சோலையாறு அணைக்கு ஆண்டுக்கு 12.3 டி.எம்.சி. நாம் விட்டாக வேண்டும். அதற்குக் கீழே பெரிங்கல்குத்து என்ற அணை 1957 முதல் இருக்கிறது. இன்னும் கீழே தும்பூர்முழியில் பாசனத்துக்கு ஒரு தடுப்பணை. ஆக, ஏற்கெனவே பல இடங்களில் மடக்கப்பட்ட ஆறு இது.

இந்த ஆற்றில்தான் கேரள மின்வாரியம் 163 மெகாவாட்டில் ஒரு திட்டம் போட்டது. வாழச்சாலுக்கு மேலே 23 மீட்டர் உயரத்தில் அணை. அங்கிருந்து சுரங்கத்தில் தண்ணீரை எடுத்து, வாழச்சால், அதிரப்பள்ளி இரண்டு அருவிகளையும் சுற்றிக்கொண்டு போய்க் கீழே மின்நிலையத்தில் விடுவது. அருவிக்காக நொடிக்கு 7.65 கனமீட்டர், அதாவது சுமார் 270 கனஅடி, தொடர்ந்து விடுவோம் என்றார்கள். 138.6 ஹெக்டேர் காட்டு நிலம் இதற்குத் தேவைப்பட்டது. ஆண்டுக்குக் கிடைக்கும் மின்சாரம் 23.3 கோடி யூனிட் என்று கணக்கிட்டார்கள். 163 மெகாவாட் இயந்திரம் ஆண்டு முழுக்க ஓடினால் 142 கோடி யூனிட்டுக்கு மேல் வரும். அப்படியென்றால் இது ஓடப்போவது ஆறில் ஒரு பங்கு நேரம்தான். புனல் மின் திட்டம் எதைப் பற்றியும் பேப்பரில் படிக்கும்போது மெகாவாட்டைப் பார்க்காதீர்கள், ஆண்டு யூனிட்டைப் பாருங்கள்.

1998-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி கொடுத்துவிட்டது. இங்கே ஒரு தேதி முக்கியம். திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே ஆராய்ந்து அறிக்கை எழுதும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்ற அறிவிக்கை வந்தது 1994 ஜனவரியில். அதில் மக்கள் கருத்துக்கேட்பும் கட்டாயம் என்று திருத்தம் வந்தது 1997 ஏப்ரலில். திருத்தம் வந்த பிறகு கொடுத்த அனுமதி, ஆனால் கூட்டம் நடக்கவில்லை. வழக்குப் போட்டார்கள். 2001-ல் கேரள உயர் நீதிமன்றம், மக்களைக் கேட்டுவிட்டு வந்து மறுபடி பரிசீலியுங்கள் என்றது. 2002 பிப்ரவரியில் கூட்டம் நடந்தது, எதிர்ப்பு பலமாக இருந்தது.

அப்புறம் நடந்ததைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வேன். அந்தக் கூட்டத்தில் மக்கள் முன்னால் இருந்தது 1990களில் தயாரான பழைய அறிக்கை. அதில் குறை இருக்கிறது என்றதும், மத்திய அரசு நிறுவனமான வாப்கோஸை வைத்துப் புதிதாக ஒரு விரிவான அறிக்கை எழுதி வாங்கினார்கள். அந்தப் புது அறிக்கையின் பேரில் 2005 பிப்ரவரியில் மறுபடி அனுமதி வந்தது. ஆனால் அதை ஊர்க்காரர்கள் யாருக்கும் காட்டவில்லை. மக்கள் பேசியது ஒரு அறிக்கையைப் பற்றி, அரசு அனுமதி கொடுத்தது வேறொரு அறிக்கையை வைத்து. 2006 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. அறிக்கையை வெளியிட்டுவிட்டு மறுபடி கேளுங்கள் என்று உத்தரவு. அதே ஆண்டு ஜூனில் சாலக்குடியில் மீண்டும் கூட்டம்.

2007 ஜூலையில் மூன்றாவது முறையாக அனுமதி கிடைத்தது. மறுபடி வழக்கு. 2010 ஜனவரியில், அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் காலத்தில், அனுமதியை ஏன் திரும்பப் பெறக்கூடாது என்று மின்வாரியத்துக்கு நோட்டீஸ் போனது. 2011-ல் மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலைக் குழு இந்தத் திட்டம் வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதியது. 2013-ல் கஸ்தூரிரங்கன் குழு, ஆற்றில் விடவேண்டிய நீரை மறுபடி கணக்கிட்டுவிட்டு மேற்கொண்டு போகலாம் என்கிற மாதிரி எழுதியது. 2015-ல், திட்டங்களை ஆராய்ந்து அமைச்சகத்துக்குப் பரிந்துரைக்கும் மத்திய நிபுணர் குழுவும் பச்சைக்கொடி காட்டியது. 2017-ல் அனுமதி காலாவதியானது. 2020 ஜூனில் கேரள அரசு, முதலிலிருந்து அனுமதிகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று மின்வாரியத்துக்குத் தடையில்லாச் சான்று கொடுத்தது, எதிர்ப்பு கிளம்பியது, திட்டம் நகரவில்லை. அணை இன்றுவரை கட்டப்படவில்லை.

இதை மக்கள் வெற்றி என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் எதனால் வென்றார்கள் என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு முறை நீதிமன்றம் தலையிட்டபோதும் அணை நல்லதா கெட்டதா என்று அது தீர்ப்பு எழுதவில்லை. முறைப்படி கேட்டீர்களா, காட்ட வேண்டியதைக் காட்டினீர்களா என்றுதான் பார்த்தது. அந்த ஓட்டையைப் பிடித்ததால் கிடைத்தது நேரம், அந்த நேரத்தை அங்கிருந்தவர்கள் வீணாக்கவில்லை. இந்த ஆற்றுக்காகப் போராடிய சாலக்குடிப் புழை பாதுகாப்பு சமிதியும், வேளாண் அதிகாரி வேலையை விட்டுவிட்டு ஆறுகளுக்காகவே வாழ்ந்த லதா அனந்தாவும் அவரோடு இருந்தவர்களும் ஆற்றின் நீர்க்கணக்கை உட்கார்ந்து சரிபார்த்தார்கள். மேலே இருக்கிற அணைகள் எப்போது எவ்வளவு திறக்கின்றன, கோடையில் உண்மையில் எவ்வளவு வருகிறது, மாலையில் மின்தேவை அதிகமாக இருக்கும் சில மணி நேரம் மட்டும் மொத்தமாகத் திறந்துவிட்டு மற்ற நேரம் கொஞ்சமாக விட்டால் கீழே தும்பூர்முழிக் கால்வாய்ப் பாசனமும் கரையோரக் குடிநீர்த் திட்டங்களும் என்ன ஆகும் என்றெல்லாம் கேட்டார்கள். காட்கில் குழுவும் தன் அறிக்கையில் நீர்க்கணக்கைக் கேள்விக்கு உட்படுத்தியது. லதா 2017-ல் காலமாகிவிட்டார். இந்தத் துறையில் அவரைப் போல எண்களையும் மனிதர்களையும் ஒருசேரக் கையில் வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு.

அந்த இடைவெளியில் இன்னொன்றும் நடந்தது. 2006-ன் வன உரிமைச் சட்டப்படி, 2014-ல் வாழச்சால் பகுதியின் ஒன்பது காடர் குடியிருப்புகளுக்குச் சமூக வன உரிமை, அதாவது காட்டைப் பயன்படுத்தவும் பாதுகாக்கவும் ஊருக்கே பொதுவான உரிமை, கிடைத்தது. காடர்கள் இந்தக் காட்டின் ஆதிக்குடிகள், முந்தைய அணைகளுக்காக ஏற்கெனவே இடம்பெயர்க்கப்பட்டவர்கள். இந்த உரிமைக்குப் பிறகு அவர்கள் நிலை அடியோடு மாறிவிட்டது. கருத்துக்கேட்பில் அவர்கள் கருத்துச் சொல்பவர்கள் மட்டும்தான். கிராம சபையிலோ சம்மதம் கொடுக்கவும் மறுக்கவும் உரியவர்கள். ஒடிசாவின் நியம்கிரி மலையில் சுரங்கம் தோண்டும் வழக்கில், கிராம சபைகளிடம் கேளுங்கள் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு கிராம சபை தீர்மானத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. உங்கள் பகுதியில் பழங்குடிக் குடியிருப்போ காட்டை நம்பி வாழ்பவர்களோ இருந்தால், கலெக்டர் நடத்தும் கூட்டத்தைவிட இது பலமான இடம். ஆனால் 2022-ல் வந்த வனப் பாதுகாப்பு விதிகள், மத்திய அரசு இறுதி ஒப்புதல் கொடுத்த பிறகு வன உரிமைச் சட்டம் பின்பற்றப்பட்டதா என்பதை மாநில அரசு பார்த்துக்கொள்ளட்டும் என்று மாற்றிவிட்டன. எல்லாம் முடிந்த பிறகு கிராம சபையிடம் போனால் அங்கே எவ்வளவு அழுத்தம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் கேட்கும்வரை காத்திருக்காமல் உரிமைக் கோரிக்கையை முன்கூட்டியே போட்டு வைப்பது நல்லது.

சரி, இப்போது முதல் கேள்வி, அனுமதி எப்படிக் கிடைக்கிறது. நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம், இந்தியாவில் மின்சாரம் உற்பத்தி செய்ய உரிமமே வேண்டாம். 2003 மின்சாரச் சட்டத்தின் 7-வது பிரிவு அதை எடுத்துவிட்டது. புனல் மின் திட்டத்துக்கு மட்டும் 8-வது பிரிவில் ஒரு விதி இருக்கிறது. செலவு குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் மத்திய மின்சார ஆணையத்தின் இசைவு வாங்க வேண்டும். ஆற்றுநீரைச் சிறந்த முறையில் பயன்படுத்துகிறார்களா, குடிநீர், பாசனம், வெள்ளத் தடுப்பு இவற்றோடு ஒத்துப்போகிறதா, அணையின் வடிவமைப்பு பாதுகாப்பானதா என்று ஆணையம் பார்க்கும். அந்தச் சட்டத்தில் பொதுமக்கள் கூட்டம் எதுவும் இல்லை. அதாவது பொறியியல் கேள்விகள் முடிவாகிற மேசையில் நமக்கு நாற்காலி கிடையாது.

நமக்கு இடம் இருப்பது சுற்றுச்சூழல் அனுமதியில். இப்போது நடப்பில் இருப்பது 2006 செப்டம்பர் 14-ம் தேதி அறிவிக்கை. பெரிய திட்டம் என்றால் மத்திய அமைச்சகம், 25 மெகாவாட்டுக்கு மேல் இருக்கும் நடுத்தரத் திட்டம் என்றால் பொதுவாக மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். 25-க்குக் கீழே இந்த அனுமதியே தேவையில்லை, அதனால் கருத்துக்கேட்பும் இல்லை. சின்னத் திட்டம்தானே என்று நினைக்கலாம். 2021 பிப்ரவரி 7-ம் தேதி உத்தராகண்டில் பாறையும் பனியும் சரிந்து வந்த வெள்ளம் முதலில் அடித்துக்கொண்டு போன ரிஷிகங்கா திட்டம் 13.2 மெகாவாட்தான். அதற்குக் கீழே தபோவனில் 520 மெகாவாட் திட்டம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வெள்ளத்தில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 200 பேருக்கு மேல், பெரும்பாலும் வேலைக்கு வந்த தொழிலாளர்கள். மலை ஆற்றில் ஆபத்தை மெகாவாட்டில் அளக்கிற இந்த வரையறை தவறு என்பது என் உறுதியான கருத்து.

25-க்கு மேல் என்றால் முதலில் விண்ணப்பம், பிறகு டெல்லியில் (மாநில ஆணையத்திடம் போகும் திட்டம் என்றால் மாநிலத்தில்) நிபுணர் மதிப்பீட்டுக் குழு என்னென்ன ஆராய வேண்டும் என்று ஆய்வு வரையறை கொடுக்கும், அதன்படி திட்டக்காரரே ஒரு ஆலோசனை நிறுவனத்தை வைத்து வரைவு அறிக்கை தயாரிப்பார். ஆம், யாருக்கு அனுமதி வேண்டுமோ அவரே பணம் கொடுத்து எழுதி வாங்கும் அறிக்கைதான் அது. அந்த வரைவோடுதான் கருத்துக்கேட்பு. கூட்டம் முடிந்ததும் மக்கள் கேட்டவற்றுக்குப் பதில் சேர்த்து இறுதி அறிக்கை, மறுபடி நிபுணர் குழு, அது பரிந்துரைத்தால் அமைச்சகத்தின் அனுமதி. காட்டு நிலம் இருந்தால் வன ஒப்புதல் தனியாக இரண்டு கட்டம். சரணாலயம் பக்கத்தில் இருந்தால் தேசிய வனவிலங்கு வாரியம். நிபுணர் குழுவின் நிகழ்ச்சி நிரலும் நடவடிக்கைக் குறிப்பும் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் வரும். ஆய்வு வரையறை கொடுக்கும் கட்டத்திலேயே அதைப் படிக்கத் தொடங்கிவிடுங்கள். அறிக்கை எதை ஆராயப் போகிறது என்பதே அங்கே முடிவாகிவிடுகிறது. அங்கே விட்டுப்போனது பிறகு அறிக்கைக்குள் வருவது கடினம்.

கூட்டம் நடத்துவது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தலைமை தாங்குவது கலெக்டர் அல்லது கூடுதல் கலெக்டர் நிலைக்குக் குறையாத அதிகாரி. 1997 விதிகளில் இது இன்னும் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்தது. கூட்டத்துக்கு ஒரு குழு இருக்கும், அதில் உள்ளாட்சிப் பிரதிநிதிகள் மூன்று பேர் வரை, ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் வரை உட்காரலாம். 2006-ல் அந்தக் குழுவையே எடுத்துவிட்டார்கள். குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கும் கிடையாது, பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகவே கொள்ளப்படும். புறக்கணிப்போம் என்று ஊர் கூடி முடிவெடுப்பது எனக்குக் கவலை தருவது இதனால்தான். கோபம் நியாயமானது, ஆனால் புறக்கணித்த கூட்டத்தின் குறிப்பில் யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை என்றுதான் பதிவாகும்.

இந்த அமைப்பிலேயே எனக்கு மிகப் பெரிய குறையாகத் தெரிவது வேறு. நம்மிடம் கேட்பது ஒரே ஒரு முறை. அணை கட்டிவிட்டால் அதன் வாழ்நாள் முழுக்க மறுபடி கேட்க மாட்டார்கள். பெரிங்கல்குத்து 1957 முதல் ஓடுகிறது, 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தண்ணீர் அணைக்கு மேலேயே வழிந்தது, ஆனாலும் அதன் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய நாள் என்று ஒன்று கிடையாது. சிக்கிமில் இதைவிட மோசம். சுங்தாங்கில் 1,200 மெகாவாட் தீஸ்தா 3 அணையை 2023 அக்டோபர் 4-ம் தேதி பனியேரி உடைந்த வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பழையது சுமார் 60 மீட்டர், பாறைகளை நிரப்பிக் கட்டியது. புதிதாக அதே இடத்தில் 118.64 மீட்டரில் கான்கிரீட் அணை கட்டலாம் என்று 2025 ஜனவரியில் நிபுணர் குழு பரிந்துரைத்தது, புதிதாகக் கருத்துக்கேட்பு இல்லாமலேயே. பழைய அணைக்கான அனுமதி 2006-ல் கொடுத்தது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரம், கண்ணெதிரே ஒரு பேரழிவு, அந்த ஊர் மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வேறு எங்காவது வேறு மாதிரி இருக்கிறதா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 1920 முதலே புனல் மின் நிலையத்துக்கு மத்திய உரிமம் வேண்டும், அந்த உரிமத்துக்குக் காலக்கெடு உண்டு, பொதுவாக 30 முதல் 50 ஆண்டு. முடிகிற தேதிக்கு ஐந்து ஆண்டுக்கு முன்பே மறு உரிமத்துக்கான வேலையைத் தொடங்க வேண்டும். பழங்குடி அரசுகள், மாநில அரசு, மீன்வளத் துறை, படகு ஓட்டுபவர்கள் என்று யார் வேண்டுமானாலும் இன்ன ஆய்வு செய் என்று எழுத்தில் கேட்கலாம். 1986 முதல் மின் உற்பத்திக்குக் கொடுக்கும் அதே கவனத்தை மீன், வனவிலங்கு, பொழுதுபோக்குக்கும் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இப்படிக் கேட்டதில்தான் மெய்ன் மாநிலத்தில் கென்னபெக் ஆற்றின் குறுக்கே 1837-ல் கட்டிய எட்வர்ட்ஸ் அணைக்கு 1997-ல் மறு உரிமம் மறுக்கப்பட்டது. அது கொடுத்தது 3.5 மெகாவாட். உரிமையாளர் விரும்பாதபோதும் இடிக்கச் சொன்ன முதல் உத்தரவு அதுதான். 1999 ஜூலை 1-ம் தேதி உடைத்தார்கள், மீன்கள் ஆற்றில் ஏறி வந்தன.

கிளமத் ஆற்றின் கதை இன்னும் பெரியது. ஒரிகான், கலிஃபோர்னியா எல்லையில் நான்கு அணைகள், மொத்தத் திறன், தற்செயலாக, அதிரப்பள்ளியின் அதே 163 மெகாவாட். உரிமம் 2006-ல் முடிந்தது. அதற்கு முன்பே 2002-ல் ஆற்றின் கீழ்ப்பகுதியில் சால்மன் மீன்கள் பத்தாயிரக்கணக்கில் செத்து மிதந்தன. யூரோக், கரூக் பழங்குடியினருக்கு அந்த மீன்தான் வாழ்க்கை. மறு உரிமம் வேண்டுமென்றால் மீன் ஏறுவதற்குப் படிகள் கட்டு என்ற நிபந்தனை வந்தபோது, கட்டுவதைவிட இடிப்பதே நிறுவனத்துக்கு லாபமாகத் தெரிந்தது. அப்படியும் பேச்சுவார்த்தை பதினாறு ஆண்டு இழுத்தது, அதுவரை ஆண்டுக்காண்டு தற்காலிக உரிமத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2022 நவம்பரில் ஒப்புதல், 2024-ல் நான்கும் அகற்றப்பட்டன, அந்த ஆண்டு அக்டோபரிலேயே அணைகள் இருந்த இடத்தைத் தாண்டி மேலே சால்மன் வந்தது. அமெரிக்க முறை எல்லாவற்றிலும் சிறந்தது என்று நான் சொல்லவில்லை, அது மெதுவானது, வக்கீல் செலவு அதிகம், பெரும்பாலான அணைகள் மறு உரிமம் வாங்கிவிடுகின்றன. ஆனால் காலக்கெடு இருப்பதால் ஒரு தலைமுறை இழந்ததை அடுத்த தலைமுறை மறுபடி கேட்க முடிகிறது. நம் நாட்டுச் சட்டத்தில் நான் ஒன்றை மாற்றச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அது வரும்போது வரட்டும். உங்கள் கூட்டத்துக்கு இப்போது என்ன செய்யலாம் என்று பார்ப்போம். முப்பது நாள் முன்னறிவிப்பு கட்டாயம், ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு உள்ளூர் மொழி நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். அந்தப் பேப்பரைத் தேதியோடு பத்திரமாக வையுங்கள். வரைவு அறிக்கையும் அதன் சுருக்கமும் கலெக்டர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம் போன்ற இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும், சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும். போய்க் கேளுங்கள். இல்லை என்றால் இல்லை என்பதை எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததற்கு ஒப்புதல் வாங்குங்கள். அதிரப்பள்ளியில் அனுமதியை வீழ்த்தியது இந்த வகை விஷயம்தான், ஆகவே அலட்சியம் வேண்டாம்.

அறிக்கை பல நூறு பக்கம் இருக்கும், பயந்துவிடாதீர்கள். நீரியல் அத்தியாயத்தை முதலில் எடுங்கள். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதற்கு எந்த ஆண்டுகளின் தரவு, எந்த இடத்தில் அளந்தது, மேலே அணைகள் வந்த பிறகான தரவா முன்பா என்று பாருங்கள். அணைக்குக் கீழே ஆற்றில் விடுகிற நீர் எவ்வளவு என்று பாருங்கள். வறண்ட மாதங்களில் வரத்தில் 20 சதவீதம், மழைக்காலத்தில் 30 சதவீதம் என்பது நிபுணர் குழு வழக்கமாகக் கேட்கும் அளவு, சதவீதம் எதை அடிப்படையாக வைத்து என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சுரங்கம் தோண்டினால் மண்ணும் கல்லும் மலை மலையாக வரும், அதை எங்கே கொட்டுவார்கள் என்ற வரைபடத்தை ஊரைத் தெரிந்த ஒருவரை வைத்துச் சரிபாருங்கள். ஓடைக் கரையில் குறித்திருப்பார்கள், அடுத்த மழையில் அது ஆற்றுக்குத்தான் போகும். ஊற்றுகள் எங்கே, யார் தோட்டத்துக்கு எந்த வாய்க்கால், மீன் எந்த மாதம் மேலே ஏறும் என்பதெல்லாம் ஆலோசனை நிறுவனத்துக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நீலகிரியில் சில்லஹல்லா நீரேற்று மின் திட்டத்துக்கு எதிராக விவசாயிகள் கிளம்பியதும் தங்கள் நிலத்தையும் தண்ணீரையும் முன்வைத்துத்தான்.

பேசும்போது திட்டம் வேண்டாம் என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டால் குறிப்பில் "எதிர்ப்புத் தெரிவித்தார்" என்று ஒரு வரி வரும், பதில் பத்தியில் "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று ஒரு வரி வரும். அதற்குப் பதில், இந்தப் பக்கத்தில் இந்த எண் இப்படி இருக்கிறது, எங்கள் ஊரில் நிலைமை இது, இதற்கு என்ன விளக்கம் என்று கேட்டால் அதற்குப் பதில் எழுதியே ஆக வேண்டும். பதில் சொல்லாமல் விட்டால் அதுவே நாளை வழக்கில் உங்கள் ஆதாரம். பேசியதையெல்லாம் எழுத்திலும் கொடுங்கள். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள், வெளியூரில் இருப்பவர்கள், கீழே பாசனம் செய்பவர்கள் எல்லாம் எழுத்தில் அனுப்பலாம், அதற்கும் விதியில் இடமுண்டு. கூட்டம் முழுக்க வீடியோ எடுக்க வேண்டும் என்பது விதி. முடிகிற நேரத்தில் நடவடிக்கைச் சுருக்கத்தை எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் படித்து விளக்க வேண்டும் என்பதும் விதி, பெரும்பாலும் அதற்குள் பந்தல் காலியாகிவிடும். தயவுசெய்து ஒரு நாலைந்து பேராவது கடைசிவரை இருங்கள். தவறாகப் படித்தால் அங்கேயே எழுந்து திருத்தச் சொல்லுங்கள்.

அதன் பிறகு அந்த நடவடிக்கைக் குறிப்பைப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் கலெக்டர் அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். அதைப் பார்த்துவிட்டு, விட்டுப்போனது இருந்தால் நேரடியாக அமைச்சகத்துக்கும் திட்டக்காரருக்கும் எழுதலாம். நிபுணர் குழுவின் நிகழ்ச்சி நிரலில் உங்கள் திட்டம் வருகிறதா என்று மாதாமாதம் பாருங்கள், வருவதற்கு முன்பே உறுப்பினர் செயலருக்கு உங்கள் ஆட்சேபங்களை அனுப்பி வையுங்கள். அனுமதி வந்துவிட்டால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை கொடுக்கலாம், அதற்கு மேல் தீர்ப்பாயம் நினைத்தாலும் ஏற்க முடியாது. அனுமதிக் கடிதம் இணையத்தில் ஏறிய தேதியையும் உள்ளூர்ப் பேப்பரில் விளம்பரம் வந்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள், அந்த நாள் கணக்கில்தான் பல நல்ல வழக்குகள் உள்ளே போகும் முன்பே தள்ளுபடியாகின்றன. வக்கீலைத் தேடும் வேலையை அனுமதி வரும்வரை தள்ளிப்போடாமல், கூட்டம் முடிந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.